மிலிட்டரி ஓட்டல் மாடியில் பேச்சு வகுப்பு

புதன்கிழமை மாலை அந்த மாடி அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. டுடோரியல் நடத்தும் மூர்த்தி. லாட்ஜ் மேனேஜர் ராஜமாணிக்கம். ஆஸ்பத்திரி நர்ஸ் சரசு. அடி அண்ணாமலை பால் சொசைட்டித் தலைவர் வேடியப்பன். வக்கீல் பாகுபலி. அவன் தகப்பனார் விருசபதாசன் நைனார். அவன் மாமனார், கீழ்பென்னாத்தூர் ஜினராஜ் நைனார்.

ஏழு பேர். எட்டாவது ஆள் கிடையாது. அன்று அங்கே நடந்ததை நாற்பது பேர் நேரில் பார்த்ததாகக் கடைத்தெருவில் சொல்லுகிறார்கள். நாற்பது பேர் நிற்க அந்த அறையில் இடமும் கிடையாது.

கடைசியாகச் சொன்ன இருவரும் அந்த மாடிப்படியில் கால் வைத்திருக்கவே கூடாது. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கைக்கூட வாசல் தாண்ட விடாத ஜைன வீட்டார். அந்த மாடிக்குக் கீழேயோ கறி வேகும் மிலிட்டரி ஓட்டல். அப்படியும் ஏறினார்கள். ஏற வைத்தது ஒரு வாடை.

பாகுபலி போன மாசி மாதம் முன்சீப் கோர்ட்டில் வாயடைத்து நின்ற கதை ஊருக்கே தெரிந்ததுதான். அவனுடைய முதல் வழக்கு. "உங்க தரப்பு வாதம் என்ன?" என்று முன்சீப் திரும்பத் திரும்பக் கேட்டார். பையன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். கட்சிக்காரன் அன்றைக்கே வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டான். "காக்காவும் கருப்புதான். அதாச்சும் கத்தும்" என்று வக்கீல்களின் பார் ரூமில் ஒருவன் சொல்ல, அது கடைத்தெரு வரை வந்து, விருசபதாசன் நைனார் காதிலும் விழுந்தது.

நைனார் சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்ற பெரிய வக்கீல் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து மகனுக்குத் தனியாகப் பயிற்சி வைத்தார். மூடிய அறையில், அந்த ஒருவர் எதிரே, பாகுபலி ஆற்று வெள்ளம் மாதிரிப் பேசினான். கோர்ட்டுக்குப் போனால் மறுபடி வறண்ட ஏரி.

ஆடி பிறந்ததிலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பித்தது. புதன், சனிக்கிழமைகளில் அவன் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.

நைனார் வீட்டில் இருட்டிய பிறகு சாப்பாடு கிடையாது. பொழுது சாயும் முன்பே இலை போட்டு, இலை எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருட்டில் வந்து, பசி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்தால் என்ன அர்த்தம்? வெளியே தின்றுவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். வேறு வீடாக இருந்தால் 'பாவம், உடம்பு சரியில்லையோ' என்பார்கள். இங்கே அப்படி யாருக்கும் தோன்றாது.

போதாக்குறைக்கு அவன் சட்டை. கொடியில் தொங்கிய அந்தச் சட்டையைத் தாண்டிப் போகும்போது நைனார் மூச்சை அடக்கிக்கொண்டார். மசாலாவும் கொழுப்பும் கருகிய வீச்சம். "இதைத் தனியா ஊறப் போடு. மத்த துணியோட சேக்காதே" என்று மருமகள் கனகமாலாவிடம் சொன்னார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். வரக்கூடிய பதிலை அந்த வீட்டுச் சுவர் கேட்கக் கூடாது என்று நினைத்தார்.

அவர் கேட்காததைக் கேட்கத்தான் அந்தப் புதன்கிழமை மத்தியானப் பஸ்ஸில் சம்பந்தி வந்து இறங்கினார்.

ஜினராஜ் நைனாருக்கு நல்ல கனத்த சாரீரம். அவர் ஒரு வீட்டில் பேசினால் மூன்றாவது வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். உட்காரவில்லை.

"வாங்க சம்பந்தி. கனகமாலா, அப்பாவுக்குத் தண்ணி கொண்டா."

"தண்ணி வேணாங்க. இந்த வீட்டுல இனிமே நான் கை நனைக்கறதா இல்லை."

விருசபதாசன் நைனார் முதுகை நிமிர்த்தினார். "விஷயத்தைச் சொல்லிட்டு அப்புறம் கோவப்படுங்க."

"நான் சொல்லணுமா? ஊரே சொல்லுதே! உங்க புள்ள மிலிட்டரி ஓட்டல்ல பூந்து திங்கறான். எங்க ஊரு ஆளுங்க ரெண்டு பேரு கண்ணால பாத்திருக்காங்க. சந்தையில ஒருத்தன் என்னைக் கேக்கறான், 'உங்க மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கால்னா ஜாஸ்தி பிரியமாமே'னு. மழைக்காலம் நாலு மாசமும் பொழுது போனா தண்ணிகூடத் தொடாதவன் நான். இந்த மூஞ்சியைக் கொண்டு போய் நான் எங்க வெச்சிக்கறது?"

"எம் புள்ள அப்படிச் செய்ய மாட்டான்."

"அப்ப வாடை எங்கேர்ந்து வருது? வாசப்படியில நிக்கறேன், எனக்கே வருதே!"

கொடியில் சனிக்கிழமைச் சட்டை இன்னும் ஊறப் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நைனார் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"கனகமாலா!" என்று கூப்பிட்டார் ஜினராஜ். "பெட்டியைக் கட்டும்மா. கடைசி பஸ்ஸுக்குப் போறோம்."

பெட்டியோடு மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனாள் என்றால் நைனார் சமூகத்தில் ஊருக்கு ஊர் காரணம் கேட்பார்கள். காரணம் கறி என்றால் அதற்குப் பிறகு கேள்வியே கிடையாது. விருசபதாசன் நைனார் தம் ஊர் ஜினாலயத்தின் தர்மகர்த்தா. அந்தப் படியில் மறுபடி எந்த முகத்தோடு ஏறுவது? கனகமாலா அன்று போனால் அந்தக் குடும்பத்தின் பெயரும் அதே பஸ்ஸில் போய்விடும்.

கனகமாலா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். அதிகம் பேசாத பெண். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"அவரு ஓட்டலுக்குள்ள போகலைப்பா. ஓட்டலுக்கு மேல போறாரு."

"மேலயா? மேல இன்னா இருக்கு?"

"மாடியில ஒரு வகுப்பு நடக்குதாம். பேசக் கத்துக்கறாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

ஜினராஜ் சிரித்தார். தெருவில் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான். "கேட்டீங்களா சம்பந்தி? வக்கீலுக்குப் படிச்சவன் பேசக் கத்துக்கறானாம். அதுவும் கறிக்கடை மாடியில! பொய் சொல்றவன் கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லக் கூடாதா?"

விருசபதாசன் நைனாருக்கு எது அதிக அருவருப்பு என்று சொல்லத் தெரியவில்லை. மகன் கறி தின்றான் என்பது ஒரு பக்கம். தம் பரம்பரையில் வந்தவன், கண்டவர்களோடு கும்பலாக உட்கார்ந்து, வாயைத் திறப்பது எப்படி என்று பாடம் கேட்கிறான் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே தட்டில் வைத்த எச்சில் மாதிரி இருந்தது.

"வாங்க. போய்ப் பாத்துடலாம்" என்று எழுந்தார்.

"மாமா, பொழுது இருக்குது. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கனகமாலா இரண்டு இலை போட்டாள்.

ஜினராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தி கை நனைக்காத வீட்டில் தாம் மட்டும் உட்கார்ந்து தின்பது எப்படி? இரண்டு இலையும் வெறுமனே கிடந்தன. இனி மறுநாள் சூரியன் வரும் வரை இருவருக்கும் பட்டினிதான்.

அந்தச் சந்து மூக்குக்கு ஆகாத சந்து. இரண்டு பக்கமும் சாக்கடை. ஓட்டல் வாசலில் பெரிய கல்லில் ஈரல் வதங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் கரண்டியால் கல்லைத் தாளம் போட்டுக் கொத்தினான். கல்லாவை ஒட்டித்தான் மாடிப்படி. ஏறுகிறவனுக்கும் உள்ளே தின்னப் போகிறவனுக்கும் வழி ஒன்றே. படிச்சுவர் முழுக்க வெற்றிலைச் சுண்ணாம்பும் எண்ணெய்க் கையும் தடவிய கறை. நைனார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுப்புப் புகை அந்தக் குறுகலான படியையே புகைக்கூண்டாக வைத்துக்கொண்டு மேலே ஏறியது. அவரோடு கூடவே ஏறியது.

மேலே கைத்தட்டல் கேட்டது.

கைத்தட்டல் என்றால் கூத்துக்கும் சினிமாவுக்கும்தான் என்பது நைனாரின் எண்ணம். பெரிய மனிதர் பேசினால் சபை தலையசைக்கும், அவ்வளவுதான். வாசலில் நின்று பார்த்தார். பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, மூலையில் மண்பானை. வேடியப்பன் எழுந்து நின்று சொசைட்டியின் வருஷ அறிக்கையைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"காகிதத்தைப் பாக்கெட்டுல வைங்க" என்றார் மூர்த்தி. "உங்க கை நடுங்கறது காகிதத்துலதான் தெரியுது. கீழ வெச்சிட்டா யாருக்கும் தெரியாது."

"வெச்சிட்டா எனக்குப் பேச்சே மறந்துடுது சார்."

"மறக்கட்டுமே. இங்க மறந்துட்டுப் போங்க. அங்க மறக்காது."

"எனக்கும் அப்படித்தான் அண்ணே" என்றாள் நர்ஸ் சரசு. "புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான் பாடம் எடுக்கணும். எழுந்து நின்னாலே வயித்தைக் கலக்கிடும். மொத நாள் இங்க பேரைச் சொல்லிட்டு உக்காந்துட்டேன். அதுக்கே எல்லாரும் கை தட்டினாங்க. இங்க எல்லாருக்கும் கலக்குதுன்னு தெரிஞ்ச அப்புறம்தான் எனக்குக் கம்மியாச்சு."

வயிற்றைக் கலக்குவதையெல்லாம் ஆண்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்களா! நைனாருக்கு உடம்பு கூசியது. அப்போதுதான் ஜன்னலோரப் பெஞ்சில் மகனைப் பார்த்தார். பாகுபலியும் அவர்களைப் பார்த்துவிட்டான். முகத்தில் ரத்தம் இல்லை.

"உள்ள வாங்கய்யா. உக்காருங்க" என்றார் மூர்த்தி.

"உக்கார வரலை" என்று இடி இடித்த மாதிரி சொன்னார் ஜினராஜ். "ஒரு கேள்வி கேக்க வந்திருக்கோம். இந்தாளு எங்க மாப்பிள்ளை."

"தாராளமாக் கேளுங்க. ஆனா இங்க ஒரு பழக்கம். வேடிக்கை பாக்க வந்தவங்கன்னு யாரும் கிடையாது. சொல்றதை இங்க முன்னாடி நின்னு எல்லார் முகத்தையும் பாத்துச் சொல்லணும்."

"சொல்றேன். எனக்கென்ன பயம்?"

ஜினராஜ் நைனார் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். துண்டைச் சரி செய்தார். ஐந்து முகங்கள் அவரையே பார்த்தன. யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் ஆமாம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. வெளியே வெளிச்சம் போய்விட்டதால் ராஜமாணிக்கம் எழுந்து டியூப் லைட்டைப் போட்டார்.

"நான்... கீழ்பென்னாத்தூரு..."

அதற்கு மேல் வரவில்லை.

"இந்தப் புள்ள... எங்க பொண்ணு..." தொண்டையைக் கனைத்தார். சந்தையிலும் வாசற்படியிலும் இடியாக விழுந்த பேச்சு, நின்று கேட்கும் முகத்தைக் கண்டதும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

நைனாருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாசி மாதம் கோர்ட்டில் மகன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று அவருக்குத் தோன்றியது. அங்கே சிரித்தார்கள். இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள். முதல் நாள் எழுந்து நின்ற யாருக்கும் தட்டுகிற மாதிரி, மனப்பூர்வமாக, ஐந்து பேரும் தட்டினார்கள். பாகுபலியும்தான்.

"பரவாயில்லைங்க, எல்லாருக்கும் ஆவறதுதான்" என்று சரசு பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து நீட்டினாள்.

ஜினராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாய்க்குக் கொண்டு போனார்.

"மாமா. விளக்கு வெச்சாச்சு."

பாகுபலியின் குரல். உரக்கக்கூட இல்லை. ஆனால் பிசிறில்லாமல், அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக வந்தது.

டம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது. ஜினராஜ் நைனார் டியூப் லைட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தார். நாலு மாத விரதம் ஒரு மிடறில் போயிருக்கும். டம்ளரை மெதுவாகப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா சொல்ல வந்தது எனக்குத் தெரியும்" என்று பாகுபலி எழுந்தான். "நானே சொல்றேன் சார்."

முன்னால் வந்து நின்றான். கை நடுங்கியது. அதை மறைக்கவில்லை.

"நான் ராத்திரி ஓட்டல்ல கறி தின்றதா ஊருல சொல்றாங்க. கீழ ஓட்டல். மேல வகுப்பு. ரெண்டுக்கும் ஒரே படி. வாடை சட்டையில ஏறுது. வாயில ஏறலை." நிறுத்தினான். மூச்சு வாங்கினான். "புதன், சனி நான் சாயங்காலம் சாப்பிடறதே இல்லை. இங்க வர்ற பயத்துல அஞ்சு மணிக்குச் சோறு இறங்காது. திரும்பிப் போனா இருட்டிடும். பசிக்குதுன்னு சொன்னா ஏன் சாப்பிடலைன்னு கேப்பாங்க. அதனால சொல்றதில்லை."

வேடியப்பன் தம் காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"வீட்டுல ஒரு பெரிய வக்கீலை வெச்சு அப்பா சொல்லிக்குடுத்தாரு. ஒருத்தர் முன்னாடி நல்லாத்தான் பேசுவேன். அவரு என் தப்பை மட்டும்தான் பாத்தாரு. இங்க இருக்கறவங்க எல்லாரும் எங்கூட தப்பு பண்றாங்க. எனக்கு முன்னாடி வேடியப்பன் அண்ணன் நடுங்கறாரு, எனக்குப் பின்னாடி சரசு அக்கா நடுங்கறாங்க. நடுவுல நான் நடுங்கினா அது பெருசாத் தெரியலை." அப்பாவைப் பார்த்தான். "இதை வீட்டுல சொல்ல முடியலைப்பா. இங்கதான் சொல்ல முடியுது."

அவ்வளவுதான் பேச்சு. உட்கார்ந்தான். கை தட்டினார்கள்.

தம் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள்கூட மகன் இவ்வளவு பேசி நைனார் கேட்டதில்லை. இந்த எண்ணெய்ப் புகைக்குள் வந்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வெறுத்துப்போயிற்று. யார் மேல் வெறுப்பு என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

"ஐயா, நீங்க?" என்றார் மூர்த்தி. "இங்க பழக்கம்..."

விருசபதாசன் நைனார் எழுந்து நின்றார். "எம் பேரு விருசபதாசன். இவன் எம் புள்ள."

அதற்கும் தட்டினார்கள். பெயரைச் சொன்னதற்குக் கைத்தட்டல்! துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் முதலில் படியிறங்கினார்.

தெருவிளக்குக் கம்பத்தடியில் மூவரும் நின்றார்கள். ஜினராஜ் எதிர்ச் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வகுப்பு எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் நைனார்.

"கார்த்திகை வரைக்கும்ப்பா."

"வேற மாடியே கிடைக்கலையா அந்தாளுக்கு?"

"வாடகை இங்கதான் கம்மியாம்."

"த்தூ. மாத்து சட்டை ஒண்ணு பையில எடுத்துக்கிட்டுப் போ. தெரு முனையிலயே மாத்திக்கிட்டு வா. இந்த நாத்தத்தோட எம் வாசப்படி ஏறக் கூடாது." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "புதன், சனி நாலு மணிக்கே இலை போடச் சொல்றேன். இறங்கலைன்னாலும் உக்காந்து தின்னணும்."

வெள்ளிக்கிழமை முன்சீப் முன்னால் மகனுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அங்கே வேடியப்பனும் சரசும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோது நைனாரின் வெறும் வயிறு ஒரு தரம் புரண்டது. கலக்கியது என்று அவர் சொல்ல மாட்டார்.

வீட்டு வாசலில் கனகமாலா நின்றுகொண்டிருந்தாள். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெட்டி எங்கம்மா?" என்றார் ஜினராஜ். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. எதற்குக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வந்த காரியம் என்று ஒன்று இருந்ததே, அதற்காகக் கேட்டார். "வர்றியா? கடைசி பஸ்ஸு இருக்குது."

"பெட்டியைக் கட்டவே இல்லைப்பா."

"நான் சொன்னேனே?"

"நீங்க சொன்னீங்க. நான் சரின்னு சொல்லலையே. நீங்க சத்தமாப் பேசினீங்க, அதனால நான் பேசாம இருந்தேன்." பிறகு மாமனாரிடம் திரும்பினாள். "மாமா, அந்த மாடியில பொம்பளைங்க எத்தனை பேரு?"

"ஒருத்தி. நர்ஸு."

"சனிக்கிழமையிலேர்ந்து ரெண்டு பேரு."

பாகுபலி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உனக்கு எதுக்கும்மா? நீ எந்தக் கோர்ட்டுல பேசப் போறே?" என்றார் நைனார்.

"கோர்ட்டுல இல்லை மாமா. இந்த வீட்டுல ஒண்ணு சொல்ல வேண்டியிருக்குது. மூணு வருஷமா சொல்ல வரலை."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொடியிலிருந்த சட்டையை எடுத்து வாளியில் போட்டாள். மூன்று வருஷமாகச் சொல்ல வராத விஷயம் என்னவென்று கேட்க, வாசலில் நின்ற மூன்று ஆண்களுக்கும் வாய் வரவில்லை.

ஜினராஜ் நைனார் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்று கீழ்பென்னாத்தூரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அன்று கடைசி பஸ்ஸில் ஏறியவர் அவர் ஒருவர்தான்.